கூடை, பானை, கண்ணாடிப் பெட்டி: பாம்புக்கு நாம் போட்ட படுக்கைகள்

டி. கல்லுப்பட்டிக்குப் பாம்பாட்டி வந்து பல காலம் ஆகிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள இந்தக் கரிசல் ஊரில், வயது அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் மகுடிச் சத்தமும் மூடி போட்ட மூங்கில் கூடையும் நன்றாக நினைவிருக்கும். இன்று அதே தெருவில் கல்லூரிக்குப் போகும் பையன் கைபேசியில் வேறொரு பாம்பைக் காட்டுகிறான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே பழுப்பு நிறத் தூள் பரப்பிய தரை, அதன்மேல் சுருண்டு கிடக்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. ‘பால் பைதான்’ என்று பெயரும் சொல்கிறான்.

இந்த இரண்டு காட்சிகளிலும் நான் முதலில் பார்ப்பது பாம்பின் வயிற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான். காலில்லாத உயிர் அது. நடை, ஓய்வு, சட்டை உரிப்பது எல்லாமே தரையோடு ஒட்டித்தான். அது மூச்சு விடுவதும் தரைக்கு ஒரு விரல் உயரத்தில். நமக்குத் தோதான படுக்கையைப் போட்ட காலம் போய், பாம்புக்கு எது ஏற்றது என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், இன்னும் எங்கே தவறுகிறோம் என்பதும் புரியும்.

அன்று: கூடையும் பழந்துணியும்

பாம்பாட்டியின் கூடை தட்டையானது, வட்டமானது. மூங்கிலில் முடைந்து, சந்து தெரியாமல் சாணம் மெழுகியிருப்பார்கள். உள்ளே ஒரு பழந்துணி கிடக்கும், சில கூடையில் அதுவும் இராது. ஊர் ஊராகத் தூக்கிப் போக வசதி, மூடியைத் திறந்ததும் பாம்பு தலை தூக்க வசதி. கூடையின் அமைப்பில் இருந்த யோசனை அவ்வளவுதான்.

பாம்பின் கழிவில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று மலம். மற்றொன்று சிறுநீருக்குப் பதிலாக வெள்ளையாக, கெட்டியாக வெளிவரும் யூரிக் அமிலம். அடைத்த கூடையில் இரண்டும் துணியில் ஊறி, நாள் கணக்கில் பாம்பின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் வயிற்றுச் செதில்கள் முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், கடைசியில் அழுகும். நச்சுப்பல்லைப் பிடுங்கியதால் வாய்க்குள்ளும் புண். இரை எடுக்க முடியாத அந்த உயிருக்குப் பால் ஊற்றினார்கள். தாகத்தில் தவித்த பாம்பு அதைக் குடித்தது, ஊர் அதைப் பக்தி என்று நம்பியது. கூடைக்குள் போன நல்ல பாம்புகளில் பல, சில மாதம்கூடத் தாக்குப்பிடித்ததில்லை.

பாம்பாட்டியும் பசித்த வயிற்றோடு வந்தவர்தான். அவரைக் கொடுமைக்காரர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் மெல்ல மெல்ல மறைந்தது. பாம்பை அடைத்து வைப்பதென்றால் அதற்கு ஒரு முறை வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேறு இடத்தில் உருவானது.

நடுவில்: பானையும் மணலும்

ரோமுலஸ் விட்டேக்கர் 1969இல் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டிக்கு இடம் மாறியது. பாம்பைப் பார்த்ததும் கம்பைத் தேடிய மக்கள் அங்கே அனுமதிச்சீட்டு வாங்கிப் பாம்பைப் பார்த்தார்கள். அதே காலத்தில், பாம்புத்தோல் வியாபாரத்துக்கு வந்த தடையால் பிழைப்பு இழந்து நின்றவர்கள், பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்கள். அவர்களுக்காக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுப்பது சங்கத்தின் வேலை. இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்குப் போகும் நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அங்கே பாம்பு தங்கும் இடம் மண்பானை. அடியில் மணல் போட்டு, பாம்பை உள்ளே விட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். பார்க்க எளிய ஏற்பாடு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பானைச் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளுமை. துணி வழியாகக் காற்றோட்டம். இருட்டாக இருப்பதால் வளைக்குள் கிடப்பதுபோல் பாம்பு அமைதியாகக் கிடக்கும். கழிவின் ஈரத்தை மணல் வாங்கிக்கொள்ளும், அழுக்கானால் கொட்டிவிட்டுப் புது மணல் போடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பானை நிரந்தர வீடு இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாகச் சில தடவை நஞ்சு எடுத்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சில வாரத் தங்கலுக்கு மணல் போதும். ஆயுள் முழுக்க அடைத்து வைக்கும் பாம்புக்கு அது போதுமா என்ற கேள்வி, வீட்டில் பாம்பு வளர்க்கும் வழக்கம் வந்த பிறகுதான் எழுந்தது.

இன்று: குப்பையிலிருந்து வந்த மெத்தை

அந்தப் பையன் காட்டிய படத்தில் இருந்த பழுப்புத் தூள், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் நார்க்கழிவு. ‘கோகோபீட்’ என்று விற்கிறார்கள். ஒரு காலத்தில் பொள்ளாச்சி வட்டாரத்தில் நார் ஆலைகளுக்குப் பக்கத்தில் இது மலை மலையாகக் குவிந்து கிடந்தது. எளிதில் மட்காது, மழை பெய்தால் சாறு இறங்கி நிலத்தைக் கெடுக்கும், அதனால் கொளுத்துவார்கள். இன்று அதையே அலசி, உலர்த்தி, 5 கிலோ கட்டியாகவும் 650 கிராம் செங்கல்லாகவும் அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். வெளிநாட்டு நாற்றுப்பண்ணைகளுக்கும் போகிறது, அங்கே வளரும் பாம்புகளின் பெட்டிக்கும் போகிறது.

கழிவைப் பயனாக்கும் இந்தப் பேச்சுக்குக் கல்லுப்பட்டி பொருத்தமான ஊர். காந்தி நிகேதன் ஆசிரமம் இருப்பது இங்கேதான். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். கிராமத்தில் கழிவென்று எதையும் தள்ளக் கூடாது, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் அவர். பாம்புப் பெட்டியிலிருந்து கொட்டும் நார்க்கழிவையும் மட்கவைத்துப் பூச்செடிக்குப் போடலாம். கீரை, தக்காளிக்கு மட்டும் வேண்டாம். பாம்பின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

எதைப் போடலாம், எது ஆகாது

பாம்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் படுக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் அடைவது. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் ஈரப்பதம் இருக்கும். பெட்டிக்குள்ளும் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் அது சட்டையை ஒரே உரியாகக் கழற்றும். சித்திரை வெயிலில், மின்விசிறிக் காற்றில், காய்ந்த தரையில் வைத்தால் சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து, கண்மேல் உள்ள படலம் கழலாமல் தங்கிவிடும்.

இந்தப் பாம்புக்கு நார்க்கழிவும் மட்டைச் சீவலும் கலந்து நாலு விரற்கடை உயரத்துக்குப் போடுவது நல்லது. வாங்கும்போது உப்பு நீக்கி அலசியதா என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கட்டி உப்பிய பிறகு கையால் பிசைந்து பாருங்கள். புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டுமானால் செதில் அழுகும், ஊதினால் பறக்குமானால் தூசி நுரையீரலுக்குப் போகும். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல் இருமித் தள்ள அதனால் முடியாது.

செய்தித்தாள் அழகில்லைதான். ஆனாலும் புதிதாக வந்த பாம்புக்கும் நோய்ப்பட்ட பாம்புக்கும் முதல் ஒன்றிரண்டு மாதம் அதுவே சிறந்தது. கழிவு எப்படி இருக்கிறது என்று தெரியும், மிளகில் பாதிகூட இல்லாத கறுப்பு உண்ணி ஊர்ந்தாலும் கண்ணில் படும். ஈரப்பதத்துக்கு ஒரு மூடிய டப்பாவில் துளை போட்டு, உள்ளே நனைத்த நார்க்கழிவு வைத்தால் பாம்பே தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மரப்பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று இழைப்புச் சுருளை அள்ளி வருபவர்கள் உண்டு. அது வேண்டாம். எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்பது நமக்குத் தெரியாது. சாமான் பெட்டிகளில் வரும் பைன் பலகையிலும், தேவதாரு வகை மரங்களிலும் வாசனை தரும் எண்ணெய்கள் இருக்கின்றன. நமக்கு மணம், பாம்பின் மூச்சுக்குழலுக்கு அது எரிச்சல். எம்-சாண்டும் ஆகாது. கூரிய துகள் இரையோடு ஒட்டி வயிற்றுக்குள் போகும்.

ஃபினாயில் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்

இவ்வளவு யோசித்துப் படுக்கை போட்டவர்களும் சுத்தம் செய்யும்போது ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் சுத்தம் என்றால் ஃபினாயில் வாசனை. கறுப்பு ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. வெள்ளை ஃபினாயிலில் பைன் எண்ணெய். பெட்டியைத் துடைத்த ஈரத்தோடு பாம்பை விட்டால், அந்த ஆவிக்குள்தான் அது நாளெல்லாம் மூச்சு விடும். டெட்டால், பாச்சை உருண்டை இரண்டையும் அறையிலேயே வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். கழிவைப் பார்த்த அன்றே, சுற்றிலும் ஒரு கை அளவு தூளையும் சேர்த்து அள்ளிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவி மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை பாம்பைத் துணிப்பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ பத்திரப்படுத்திவிட்டுப் படுக்கை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். பெட்டியைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்த பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். ப்ளீச்சோடு கழிப்பறை அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷ வாயு கிளம்பும். பிறகு வாசனை முழுதும் போகும்வரை அலசி, காற்றில் உலர்த்திப் புதுப் படுக்கை போடலாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது.

சட்டமும் கரிசலும்

2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. துளையிட்ட டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். பாம்பாட்டியின் கூடை போய்விட்டது என்று நாம் நிம்மதி அடைய முடியாது. ஆசைக்கு வாங்குபவர் இருக்கும்வரை அதைவிடக் கொடிய டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கும். 2024இல் வந்த விதிகளின்படி பால் பைதான் போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் இல்லாத பாம்பை வாங்குவது அந்தக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பதாகும்.

நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் அடைப்பது குற்றம். அவற்றுக்கு நாம் படுக்கை போட வேண்டியதும் இல்லை. கோடையில் பிளக்கும் கரிசல் வெடிப்பு, எலி வளை, கரையான் புற்று, தட்டைப் படப்பின் அடி என்று கல்லுப்பட்டிக் காட்டில் எல்லாம் இருக்கின்றன. பருத்தியும் சோளமும் விளைந்த நிலத்தில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது, எலியும் இருக்கிறது, அதைத் தேடிச் சாரை வீட்டோரம் வருகிறது. முன்பு “கம்ப எடுங்கப்பா” என்று கத்திய தெருவில், இப்போது “அடிக்காதீக, ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு” என்ற குரலும் கேட்கிறது. நான் பார்த்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 101ஐ அழைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

பால் பைதான் நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். மாதம் ஒரு முறை என்று வைத்தால், இருபது ஆண்டில் 240 தடவை படுக்கையை அள்ளிக் கொட்டி, பெட்டியைத் தேய்த்து, நார்க்கழிவைப் பதம் பார்த்துப் பரப்ப வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம், வெளியூர் எது வந்தாலும் அந்த வேலை நிற்காது. கல்லூரிப் பையன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சட்டப்படி பதிவும் செய்து, தாராளமாக வளர்க்கட்டும். கணக்குக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வாங்க வேண்டாம். கிண்டிக்கோ வடநெம்மேலிக்கோ ஒரு நாள் போய், பாம்பைக் கவனிக்கத் தெரிந்தவர்களின் கையில் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.