விளிம்புக்கும் ஓர் எண் உண்டு

இரும்புத் தகடு ஒன்றின் ஓரத்தைச் சூடாக்கினால் வெப்பம் எப்படிப் பரவும்? இதைக் கணினியில் அறியத் தகட்டைச் சிறு முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். அந்த வலைதான் மெஷ். இந்தக் கணக்கு முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று 1960இல் பெயர் சூட்டியவர் ரே கிளஃப்.

சதுரத் தகட்டை எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மூலைவாட்டில் வெட்டுவோம். 128 முக்கோணங்கள், 208 விளிம்புகள், 81 முனைகள் கிடைக்கும். நிரலுக்கு இவையெல்லாம் எண்கள்தான். விளிம்புகள் 0 முதல் 207 வரை.

எந்த விவரத்தை எதன்மேல் வைப்பது என்பதில்தான் இந்தக் கலையின் அழகே இருக்கிறது. வெப்பநிலை முனைகளில் உட்காரும். துல்லியம் கூட வேண்டுமென்றால் விளிம்புகளின் நடுவிலும் ஒரு மதிப்பு வைக்கலாம். அப்போது மதிப்புகள் 81இலிருந்து 289 ஆகும். இரும்பா செம்பா என்ற விவரம் முக்கோணத்துக்கு உரியது. சூடேறும் ஓரம் எது என்ற குறி விளிம்புக்கு உரியது. மின்காந்தக் கணக்கில் மின்புலத்தையே விளிம்புகளின்மேல் வைக்கும் முறையை நெடெலெக் 1980இல் விரிவாக வகுத்தார். முனைகளில் வைத்தால் இயற்கையில் இல்லாத விடைகள் நுழைந்துவிடக்கூடும்.

இத்தகைய கணக்குகளுக்காக 2003இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் மென்பொருளில், குறிகளை வைக்க மெஷ்ஃபங்ஷன் என்றொரு ஏற்பாடு இருந்தது. குறி தேவையோ இல்லையோ, எல்லா விளிம்புக்கும் ஓர் இடம் ஒதுக்கும். நம் தகட்டில் ஓர விளிம்புகள் 32தான். மீதி 176 இடங்கள் வீண். முப்பரிமாணத்தில் ஓரக் குறி முகங்களுக்கு உரியது. ஒரு கனசதுரத்தைப் பக்கத்துக்கு 100 கட்டமாக்கி, கட்டத்துக்கு ஆறு நான்முகிகளாக வெட்டினால் 1,20,60,000 முக்கோண முகங்கள் வரும். வெளிப்புறத்தில் இருப்பவை 1,20,000 மட்டுமே, அதாவது நூற்றில் ஒன்று. பின்னர் வந்த மெஷ்டேக்ஸ், குறியிட்டவற்றின் எண்களையும் மதிப்புகளையும் மட்டும் இரண்டு வரிசைகளில் வைத்துக்கொள்கிறது. என் பார்வையில் இதுவே சரியான வழி.

ஆபத்து எண்கள் மாறும்போது வருகிறது. வலையை நுணுக்கினால் 57ஆம் விளிம்பு இரண்டாக உடையும். பல செயலிகளுக்குப் பங்கிட்டால் வரிசையே மாறலாம். பழைய குறியைப் புது வலையில் அப்படியே வைத்தால் தகட்டின் நடுவில் சூடேறலாம். நிரல் பிழை என்று சொல்லாது. ஒரு விடையையும் தந்துவிடும். எந்தத் தாய் விளிம்பிலிருந்து எந்தச் சேய் விளிம்பு பிறந்தது என்று பதிந்து வைப்பது இந்தத் தவறைத் தவிர்க்கத்தான்.

நிரல் எழுதத் தொடங்கும் நண்பர்களே, விளிம்பின் எண்ணைக் கையால் எழுதி வைக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு குறியிடுங்கள். வலையை மாற்றும்போதெல்லாம் குறிகளுக்கு வண்ணம் கொடுத்து, படமாக வரைந்து, ஒருமுறை கண்ணால் பாருங்கள்.