சிலிகா ஏரியில் விடைபெறும் பறவைகள்

ஒடிசா மாநிலத்தில் பூரி, கோர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள சிலிகா, நம் நாட்டின் மிகப் பெரிய உவர்நீர்க் காயலாகும். வலசைப் பறவைகளைக் காணக் குளிர்காலமே ஏற்றதென்பது பொதுவான கருத்து. ஆயினும் பறவையின் வாழ்க்கையை அறிய விரும்புவோர், கூட்டம் கலைந்த பின்னர், மாசி பங்குனித் திங்களில் இவ்வேரிக்குச் செல்லுதல் நன்று.

பகற்பொழுது நீள நீளப் பறவையின் உடலில் சுரப்பிகள் தூண்டப்படுகின்றன. அது மிகுதியாக உண்டு, கொழுப்பைச் சேமிக்கிறது. நெடும்பயணத்திற்கு அக்கொழுப்பே எரிபொருள். இக்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்து சேற்றுத் திட்டுகள் வெளிப்படுவதால், புழுக்களும் சிறு நத்தைகளும் எளிதில் கிடைக்கின்றன. சாம்பல் நிறமாயிருந்த கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் பெறுகின்றன. பொன்னிற உப்புக்கொத்தியின் மார்பில் கருமை படர்கிறது. குளிர்காலத்தில் மட்டும் வந்து செல்வோர் இக்கோலத்தைக் காண்பதே இல்லை.

ஊசிவால் வாத்து முதலிய வாத்தினங்கள் முதலில் புறப்படும். கரையோர உள்ளான்கள் சித்திரை வரை தங்கும். வரித்தலை வாத்தோ இமயத்தைக் கடந்து திபெத்து, மங்கோலியா வரை செல்கிறது. சிலிகாவிலும் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இவ்வாத்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. மலையேற்றத்தை இவை பின்காற்றின் துணையின்றி, காற்று அடங்கிய இரவிலும் விடியலிலுமே மேற்கொள்கின்றன என்பதை அது காட்டியது.

இத்தகைய பயணத்திற்கு முந்திய சில வாரங்களில் ஏற்படும் சிறு இடையூறும் பெரிது. படகு நெருங்கிப் பறவை எழும்பும் ஒவ்வொரு முறையும், சேமித்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. வலையிட்டு வளைத்த இறால் பண்ணைகள் மேய்ச்சல் பரப்பைக் குறைக்கின்றன. ஏரியைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகளுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முகத்துவாரம் தூர்ந்து நலிந்த சிலிகா, 1993இல் ராம்சார் உடன்படிக்கையின் அபாயப் பட்டியலில் இடம் பெற்றது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டு உவர்ப்பு நிலை சீரடைந்தபின், 2002இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வடகரையிலுள்ள மங்களஜோடி கிராமத்தில் முன்னர் வேட்டையாடி வாழ்ந்தோர் பலர், இன்று காவலராகவும் படகோட்டும் வழிகாட்டிகளாகவும் உள்ளனர். பறவை சென்றால் இவர்தம் வருவாயும் குறையும். ஆதலின் பங்குனிப் பார்வையாளர் அவர்களுக்கும் வேண்டியவரே. கழி ஊன்றிச் செலுத்தும் படகில் விடியலில் சென்று, கதிரவனை முதுகுப்புறம் வைத்து நோக்குதல் வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலை தூக்கி நின்றால், படகை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பெரிய கணக்கெடுப்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நிகழ்கிறது. எவ்வினம் எந்நாளில் புறப்பட்டது என்பதை அவ்வொரு நாள் எண்ணிக்கை கூறாது. நாள், நேரம், இடம், நீர்நிலை, இனம், எண்ணிக்கை, இறகின் நிறம் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரே இடத்திலிருந்து குறித்துவரும் மாணவரின் ஏடு அக்குறையை நிரப்பும். வைகாசியிலும் சில உள்ளான்கள் தென்படின் வியப்படைய வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் முதலாண்டு இளம் பறவைகள்; இனப்பெருக்கப் பருவம் எய்தாமையால் அவ்வாண்டு வடக்கே செல்லாமல் தங்கிவிடுபவை. அவற்றையும் தனியே குறித்தல் நலம்.