வலியவரோடு ஒரு சதுரங்க ஆட்டம்

ஆய்வகத்தில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டிருப்பீர்கள். ஊசல் ஒன்றுதான்; அளப்பவரும் ஒருவர்தான். ஆயினும் அளவீடு முறைக்கு முறை சற்றே மாறும். ஆகவே சராசரி எடுக்கிறோம். சதுரங்க ஆட்டக்காரரின் வலிமையையும் இவ்வாறு அளக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஓர் இயற்பியல் பேராசிரியரே! 1903இல் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் பணிபுரிந்த ஆர்பாட் எலோ என்பவர்தாம் அவர். அவருடைய தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது.

எவரும் எல்லா நாளும் ஒரே திறனுடன் ஆடுவதில்லை. ஆட்டத் திறன் ஒரு சராசரியைச் சுற்றி, மணி வடிவ வளைகோடாகப் பரவுகிறது என்று எலோ கொண்டார். அந்தச் சராசரியே தரப்புள்ளி. இருவரின் வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி இருக்கும்வரை, எளியவர் வெல்லவும் வாய்ப்பு உண்டு.

வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என மதிப்பெண் கொடுப்போம். தரப்புள்ளிகள் சமமானால், 100 ஆட்டங்களில் ஆளுக்கு 50 மதிப்பெண் எதிர்பார்க்கலாம். வேறுபாடு 200 ஆனால் வலியவருக்கு 76. 400 ஆனால் 92.

2022 பிப்ரவரியில் இணையவழி விரைவாட்டப் போட்டி ஒன்றில், உலகச் சாம்பியன் கார்ல்சனைச் சென்னைச் சிறுவர் பிரக்ஞானந்தா கருப்புக் காய்களுடன் ஆடி 39 நகர்த்தல்களில் வென்றார். அப்போது அவருக்கு வயது 16. வழக்கமான ஆட்டத்துக்குரிய தரப்புள்ளியில் அவர் சுமார் 250 பின்தங்கியிருந்தார். அந்த வேறுபாட்டுக்கு எளியவரின் எதிர்பார்ப்பு, ஆட்டத்துக்கு 0.19 மதிப்பெண்தான். சிறியது; ஆனால் சுழி அன்று!

ஆட்டம் முடிந்தபின், பெற்ற மதிப்பெண்ணிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குவார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த எண் 10. இதே வேறுபாட்டில், தரப்புள்ளிக் கணக்கில் சேரும் ஆட்டம் ஒன்றை எளியவர் வென்றால் 8.1 கூடும். தோற்றாலோ 1.9 மட்டுமே குறையும்.

பார்த்தீர்களா மாணவர்களே! வலியவரிடம் தோற்பதால் இழப்பது கொஞ்சம்; வெல்வதால் பெறுவதோ மிகுதி. தரப்புள்ளி என்பது இதுவரை ஆடியதன் அளவீடே. நாளைய ஆட்டத்தின் தீர்ப்பன்று. உங்கள் பள்ளியில் உங்களைவிடத் திறமையாக ஆடும் ஒருவரிடம் 20 ஆட்டம் ஆடிக் குறித்து வையுங்கள். முதல் பத்தின் மதிப்பெண்ணையும் அடுத்த பத்தின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி நகர்கிறதா?