ஜன்னலோரத்துக் கொத்தமல்லி



வனாந்தரத்தில் இஸ்ரவேலர் புசித்த மன்னா கொத்தமல்லி விதையைப் போலிருந்தது என்று யாத்திராகமம் 16:31இல் வாசிக்கிறோம். அவ்விதை உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு.

தண்டவாள ஓரங்களில் சாக்கடை நீர் பாய்ச்சிக் கீரை வளர்த்ததை, மின்ரயிலில் செல்லும் நாம் எத்தனை ஆண்டுகள் கண்டோம்! கீரையையாவது வேகவைக்கிறோம், மல்லிச் சட்டினியையோ பச்சையாகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

தாராவி வீட்டில் தோட்டத்திற்கு இடமேது என்பீர்கள். அடியில் துளையிட்ட எண்ணெய் டின்னும், நான்கு மணி நேரம் வெயில் விழும் ஜன்னலும் போதும். வறுக்காத மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளவுங்கள். ஒவ்வொன்றிலும் இரு விதைகள் உள்ளன. இரவு முழுதும் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். முளைக்க 7 முதல் 14 நாட்கள் செல்லும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்துக் கெடுத்தவர்களில் அடியேனும் ஒருவன். நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடாதீர்கள். அதன் ஆணிவேர் தாங்காது.

ஜூலை மழையில் அழுகும். மே வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரையே நம் மும்பையில் ஏற்ற காலம். நாற்பது நாட்களுக்குள் இலை கிள்ளலாம். மன்னாவைச் சேர்த்ததுபோல் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். தண்டை எறியாதீர்கள், சகோதரிகளே. ரசத்திற்கு மணம் அதில்தான்.