அச்சமூட்டும் சுவரொட்டிகள்

மாலை வேளையில் ஒலிபெருக்கி பூட்டிய காரொன்று யாழ்ப்பாணத்து வீதிகளில் ஊர்ந்து செல்வதும், அதிலிருந்து வீசப்படும் நோட்டீசுகளைப் பொறுக்கச் சிறுவர் கூட்டம் பின்னே ஓடுவதும் ஒரு காலத்தில் நாளாந்தக் காட்சிகளாயிருந்தன. கிடுகு வேலியிற் பசை பற்றாது. ஆகையால், சந்திகளிலுள்ள கடை மதில்களையும் மதகுகளையும் தேடியே படங்களின் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வின்சர், வெலிங்டன், மனோகரா, ராஜா, ராணி முதலிய படமாளிகைகளில் எந்தப் படம் ஓடுகின்றது என்பதை அச்சுவர்களே ஊருக்கு அறிவித்தன. ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்ற றீகல் படமாளிகை கோட்டைக்கு அண்மையில் இருந்தது. அடுத்த படம் வந்ததும் பழைய தாளின்மேற் புதிய தாள் ஏறிவிடும். ஒரு கிழமை வாழ்ந்து மழையிற் கரைந்துபோவதே சுவரொட்டியின் விதி.

இவ்வாறு அழிவதற்கென்றே பிறந்த தாளை அழியாமற் காக்க முனைவோர் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களுள்ளும் பேய்ப்படம், திகிற்படம் ஆகியவற்றின் சுவரொட்டிகளையும், மக்களின் ஆவலையும் இச்சையையும் முதலாக்கிக் காசு பார்த்த மலிவுப் படங்களின் சுவரொட்டிகளையும் மட்டுமே தேடுவோர் ஒரு தனிக் கூட்டத்தார். கற்றோர் முகஞ்சுளிக்கும் இத்தாள்களில் அவர்கள் காண்பது யாது?

முதலாவது, ஓவியம். மலிவுப் படத்திற்குப் புகழ்பெற்ற நடிகர் இல்லை. பெருஞ்செலவிற் கட்டிய காட்சிகளும் இல்லை. ஆகவே, மக்களைக் கொட்டகைக்குள் இழுக்கும் பொறுப்பு முழுவதும் ஓவியனின் தலையில் விழுந்தது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய அமெரிக்கன் இன்ரநாஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தார், முதலிற் படத்தின் பெயரையும் விளம்பர ஓவியத்தையும் ஆயத்தஞ் செய்துவிட்டு, அதன் பின்னரே கதை எழுதுவிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். பிறிதொரு நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘50 அடிப் பெண்ணின் தாக்குதல்’ என்று பொருள்படும் படத்திற்கு றெனோல்ட் பிரவுண் என்பவர் சுவரொட்டி வரைந்தார். நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் கால்பரப்பி நின்று, காரொன்றைக் கையில் ஏந்துகின்றாள் ஓர் இராட்சதப் பெண். படத்தில் அத்தகைய காட்சியே கிடையாது! படத்தை மறந்தோரும் அவ்வோவியத்தை மறக்கவில்லை. சரக்கு எதுவாயினும் விளம்பரம் மனிதனை எவ்வாறு மயக்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைத்தல் அரிது.

தமிழ்ப் படவுலகிலும் இத்துறைக்குக் குறைவில்லை. 1966இல் ‘யார் நீ’, 1967இல் ‘அதே கண்கள்’, 1984இல் ‘நூறாவது நாள்’, 1986இல் ‘ஊமை விழிகள்’ எனத் திகிற்படங்கள் வந்தன. பெயர்களே வினாவாகவும் புதிராகவும் அமைந்திருத்தலை நோக்குக. விட்டலாச்சாரியாவின் மாயாசாலப் படங்களில் பேய்களுக்கும் பூதங்களுக்கும் பஞ்சமேயில்லை. இந்தியத் தணிக்கையாளர் வயதுவந்தோருக்கு மட்டுமென இட்ட ‘ஏ’ என்னும் எழுத்தோ, எச்சரிக்கையாயிருக்கவேண்டிய நிலை மாறி, விளம்பரத்திற் பெரிதாகப் பொறிக்கப்படும் தூண்டிலாயிற்று.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. படம் அழிந்தபின் அதற்குச் சாட்சியாக எஞ்சுவது பலவேளைகளில் அதன் விளம்பரத் தாள் ஒன்றே. டொட் பிறவுணிங் என்ற அமெரிக்க நெறியாளர் 1927இல் எடுத்த ‘நள்ளிரவுக்குப் பின் லண்டன்’ என்று பொருள்படும் திகிற்படத்தின் கடைசிப் பிரதி, 1960களில் அந்நிறுவனத்தின் களஞ்சியத்தில் எழுந்த தீக்கு இரையாயிற்று. அப்படத்தின் சுவரொட்டி ஒன்று 2014இல் ஏலத்தில் 478,000 டொலருக்கு விலைபோயிற்று. அதே நெறியாளர் 1931இல் ‘டிராகுலா’வை எடுத்தார். அதே 1931இலேதான் தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதன் பிரதியும் இன்று இல்லை. அக்காலத்து விளம்பரங்களும் பாட்டுப் புத்தகமுமே அதனைப் பற்றி நமக்குச் சொல்லுகின்றன. அன்று ஓரிரு காசுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகத்தை எவரோ ஒருவர் வீசாது வைத்திருந்தமையாலன்றோ இவ்வளவாவது தெரியவருகின்றது!

இவ்வகையில் தமிழகத்திற் செயற்கரிய செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், நூல்களோடு நோட்டீசுகள், நாடக விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் ஒருசேரத் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. பிறர் குப்பையென்றதை ஒருவர் பொக்கிஷமெனக் கண்டதன் பயன் அது.

யாழ்ப்பாணத்தின் கதையோ வேறு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலிற் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. யாழ்ப்பாணத்துப் பட விளம்பரங்களை நாள்தோறும் தாங்கி வந்த ‘ஈழநாடு’ பத்திரிகையின் பணிமனையும் அந்நாளில் எரியுண்டது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது, பல இலங்கைப் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிற் புறப்பட்டபோது, கையில் எடுத்தவை பிள்ளைகளும் பத்திரங்களும் ஓரிரு உடுப்புகளுமே. பரணிற் கிடந்த பட நோட்டீசுகளை யார் நினைத்திருப்பார்? ஆகவேதான், இன்று ஒரு பழைய தகரப் பெட்டியின் அடியிலே விரித்திருக்கும் சுவரொட்டியும் அரும்பொருளாகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகின்றது. அத்தகைய இடங்களுக்கு ஒரு படியையேனும் அளித்தல் நன்று.

பழந்தாள் கிடைத்தால் அதனைப் பேணும் முறையையும் அறிதல் வேண்டும். மலிவான தாள் மரக்கூழினாற் செய்யப்பட்டது. அதிலுள்ள அமிலம் அதனை மஞ்சளாக்கி நொறுக்கும். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். நீலமே கடைசிவரை நிற்கும். குடாநாட்டின் உப்புக் காற்றும் ஈரமும் பூஞ்சணத்திற்கு உகந்தவை. கறையானும் இராமபாணப் பூச்சியும் மற்றைய பகைவர். கிழிந்த இடத்திற் பசைநாடா ஒட்டுதல் பெருந்தவறு. காலப்போக்கில் அதன் பசை தாளிற் பழுப்பாக ஊறிவிடும். சூட்டினாற் பிளாத்திக்கு உறையிடுதலும் ஆகாது. இட்டபின் அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. அமிலம் நீக்கிய தாள்களுக்கிடையே, மடிக்காமற் பரப்பி, நிலத்திற்கு மேலே உலர்ந்த இடத்தில் வைத்தலே தக்கது. ஏட்டுச் சுவடியைக் காக்க வசம்பும் வேப்பிலையும் வைத்த மரபினர்க்கு இது புதிய கடமையன்று.

இன்னுமொன்று. சுவரொட்டியின்மேல் படமாளிகையின் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட துண்டுத்தாள் ஒட்டியிருத்தல் உண்டு. ஓவியத்தின் அழகைக் கெடுக்கின்றதென்று அதனைப் பிய்த்தெறிவோர் உளர். அந்தோ, அத்துண்டே அத்தாளின் உயிர்! படம் மதுரையில் ஓடியதும் யாழ்ப்பாணத்தில் ஓடியதும் ஒன்றே. வின்சரில் எந்நாளில், எத்தனை மணிக்கு அது காட்டப்பட்டது என்பதை அத்துண்டு ஒன்றே கூறும்.

பெண்ணை இழிவாகக் காட்டும் படங்களையும் மூடநம்பிக்கையை வளர்க்கும் படங்களையும் பேணிவைத்தல் தகுமோ என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. சிறுவர் கண்ணிற்படும் சுவரிலே அவற்றைத் தொங்கவிடுதல் முறையன்று. ஆனால், ஒன்றைப் பேணுதல் அதனைப் போற்றுதலாகாது. ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சியது, எதனைக் கண்டு மயங்கியது என்பவற்றை அதன் அறநூல்கள் கூறமாட்டா. மதிலில் ஒட்டிய தாள் கூறும். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கொளுத்தலாமென்று தீர்ப்பளிக்கும் உரிமை எவருக்கும் இல்லையென்பதை, நூலகத்தின் சாம்பரைக் கண்ட ஊர் பிற ஊர்களினும் நன்கறியும்.