புன்னையா, மகிழமா?

2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில், நிழலுக்காக வளர்த்த மரங்கள் வீதி வீதியாகச் சாய்ந்து கிடந்தன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30 இரவில் ‘ஃபெஞ்சல்’ வந்தது. அது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. இவ்வளவு மழை பெறும் இதே ஊரில் தை பிறந்துவிட்டால் மாதக்கணக்கில் மண் காய்ந்து கிடக்கும். கடலோரத் தெருக்களில் காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு.

இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு ஒரு மரம் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் வளர்வதைத்தான் கேட்கிறார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகரும், மதில் ஓரத்தில் ஒட்டடைக்குச்சிபோல் நிமிரும் நெட்டிலிங்கமும் அப்படித்தான் ஊரை நிறைத்தன. இந்தக் கரையில் இயல்பாக வளரும், ஆண்டு முழுவதும் இலை நிற்கும் புன்னையும் மகிழமும் பின்னுக்குப் போயின. இரண்டும் மெதுவாக வளர்பவை, இரண்டும் மணக்கும் வெள்ளைப் பூ பூப்பவை. ஆனால் ஒன்றுக்கு உகந்த இடம் மற்றொன்றுக்கு உகந்ததல்ல.

பசுமைமாறா மரம் என்றால் இலையே உதிராது என்று பொருளில்லை. பழைய இலை சிறிது சிறிதாக உதிர, புது இலை வந்துகொண்டே இருப்பதால் மரம் ஒருபோதும் மொட்டையாவதில்லை. நீண்ட கோடை உள்ள நிலத்தில் மரங்கள் இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்துவதுதான் வழக்கம். சோழமண்டலக் கரையிலோ விசித்திரமாக, வறண்ட நிலத்திலேயே பசுமைமாறாக் காடு உருவாகியிருக்கிறது. தடித்த, தோல் போன்ற, மெழுகு பூசிய இலைகள் நீரை எளிதில் விடுவதில்லை. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மெஹர்-ஹோம்ஜி போன்ற தாவரவியலாளர்கள் இந்தக் காட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இன்று அதன் மிச்சங்களைப் பெரும்பாலும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில்தான் பார்க்க முடியும். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால் பிழைத்தவை அவை. 1968இல் பொட்டல் செம்மண்ணில் தொடங்கிய ஆரோவில், இந்த வகை மரங்களையும் தேடிப் பிடித்து நட்டிருக்கிறது.

புன்னை அசல் கடற்கரை மரம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை மணற்கரைகளில் அது நிற்கிறது. காயின் ஓடு தண்ணீரில் மிதக்கும். அலையே அதற்கு வண்டி. தாஹிதித் தீவில் ‘தமனு’ என்று விற்கப்படும் விலை உயர்ந்த தோல் எண்ணெய், நம் ஊரில் ஒரு காலத்தில் விளக்கெரித்த அதே புன்னை எண்ணெய்தான். உலர்ந்த பருப்பின் எடையில் பாதிக்கும் மேல் எண்ணெய். படகு கட்டவும் பாய்மரம் நிறுத்தவும் இந்த மரத்தையே பயன்படுத்தினார்கள். நற்றிணையின் 172ஆம் பாடலில், தாய் ‘உங்கள் சகோதரி’ என்று சொன்ன புன்னையின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்று தலைவியின் தோழி சொல்கிறாள். விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதை முளைக்க, பால் வார்த்து வளர்த்த மரம் என்ற செய்தி அதில் வருவதால், புன்னை வீட்டு மரமாக இருந்த பழமையும் தெரிகிறது.

புன்னை இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடு நரம்பிலிருந்து இருபுறமும் நெருக்கமாக, சீப்பு வாரியதுபோல் இணைகோடுகள் ஓடும். உப்புக் காற்றையும் மணல் வீச்சையும் அது நேருக்கு நேர் தாங்குகிறது. சில நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுகுவதில்லை. ஆனால் இடம் நிறையக் கேட்கும். தாழ்விலேயே கிளைத்து, அகன்ற குடையாக விரியும். சுவரிலிருந்து குறைந்தது இருபது அடியாவது தள்ளி நட வேண்டும். கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டைக் காய்கள் நடைபாதையில் உதிர்ந்து காலை வழுக்கும். இரவில் வௌவால்கள் மேல்தோலைக் கடித்துவிட்டுக் கொட்டையை வாசலில் போடும். பாலும் பருப்பும் நச்சுத்தன்மை கொண்டவை என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

மகிழம் வேறு குணம். சப்போட்டா, இலுப்பை, பாலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அலை அலையாக விளிம்பு நெளியும் கரும்பச்சை இலை, நெருங்கிய உருண்டைத் தலை, ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள நட்சத்திரப் பூ. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் அந்தப் பூவைப் பறிக்கக் கொம்பு வேண்டாம். குனிந்து பொறுக்கினால் போதும். காய்ந்த பிறகும் மணம் போகாததால் துணிப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். ஆரஞ்சு நிறப் பழம் துவர்ப்பும் இனிப்புமாக இருக்கும், தின்னலாம். திருவொற்றியூரில் இது தல மரம். புன்னைக்கு அந்த இடம் மயிலாப்பூரில். புதுச்சேரியிலோ மகிழத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆன்மிகப் பெயர் சூட்டிய அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, மகிழம்பூவுக்கு ‘பொறுமை’ என்று பெயரிட்டார். வைத்த கன்று பூக்கப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை புரியும்.

சின்ன வீட்டுக்கு மகிழமே மேல். பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி போதும், கத்தரித்தால் வேண்டிய உயரத்தில் நிற்கும், நிழல் அடர்த்தியாக விழும், குப்பை குறைவு. கோரிமேடு, லாஸ்பேட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் அது நன்றாக வரும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியின் நெருக்கமான தெருக்களில் பின்கட்டில் கொஞ்சம் வெளி இருந்தாலும் வைக்கலாம். கடலைப் பார்த்த முதல் வரிசையில் மட்டும் இளங்கன்றை உப்புக் காற்றுக்கு நேராக விடக்கூடாது. அந்த இடம் புன்னைக்கு உரியது. கடற்கரைப் பள்ளி மைதானம், பூங்கா, கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பெருமனை ஆகிய இடங்களில் புன்னையை வரிசையாக வைத்தால் காற்றுத் தடுப்பாகவும் நிற்கும்.

நடும் முறையில் அதிக வேறுபாடு இல்லை. புரட்டாசியில் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழையின் முதல் சில மழைகளுக்குப் பின் கன்றை வைக்க வேண்டும். மழை முடிந்தபின் வரும் முதல் இரண்டு கோடைகள்தான் சோதனை. வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, வேரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்டால் தாண்டிவிடும். தினமும் ஒரு குவளை தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். அப்படி வளர்ந்த மரம் புயலில் முதலில் சாயும். நாற்றுப் பையின் அடியில் சுருண்ட வேர் இருந்தால் நடும்போதே வெட்டிவிட வேண்டும். வளர்ந்த மரத்தில் ஆவணி வாக்கில் உட்கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் காற்று ஊடே புகுந்து போகும். தலையை மொட்டையடிக்கும் பழக்கம் மரத்துக்குக் கேடு. வெட்டிய இடத்தில் வரும் புதுக்கிளைகள் பலவீனமாகவே ஒட்டியிருக்கும்.

விதையில் ஒரு நுணுக்கம் உண்டு. புன்னைக் கொட்டையை ஓட்டோடு புதைத்தால் முளைக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பருப்பில் காயம் படாமல் ஓட்டை முழுக்க நீக்கினால் மூன்று வாரத்தில் முளைக்கும். மகிழ விதையைப் பழம் உதிர்ந்ததும் சதையைக் கழுவி, காயவிடாமல் ஊன்றுவது நல்லது.

இரண்டில் ஒன்றுதான் என்றால் முதலில் கயிற்றால் மனையை அளந்து, கடல் எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கம்பிக்குக் கீழே புன்னை கூடவே கூடாது. இடம் குறுகியதா, மகிழம்; இடமும் உப்புக் காற்றும் சேர்ந்து இருக்கின்றனவா, புன்னை. நர்சரியில் நெட்டிலிங்கத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி இந்த இரண்டின் பெயரையும் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கன்றும் பெருகும்.