அடுத்த ஊசிக்கும் சேர்த்து

தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புக் கிடைக்கும் சிலரைத் தவிர, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வாழ்நாள் சிகிச்சை. நான்கு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் வருடத்துக்கு 13 முறை. பத்து வயதாகும்போது நூறு தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டால்தான் இந்தக் கணக்கு. கிடைக்காத நாட்களையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

இந்தப் பிள்ளைக்கு ஊசி என்றாலே பயம் வந்துவிட்டால், வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த அம்மா அப்பாவுக்குத்தான் தெரியும். முந்தின நாள் மாலையிலிருந்தே சோறு இறங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்ததும் அழுகை. வார்டின் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். கடைசியில் நாலு பேர் சேர்ந்து பிடித்து அமுக்கி, எப்படியோ போட்டு முடிப்பார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது உண்மைதான். ஆனால் மூன்று வாரம் கழித்து அதே பிள்ளை அதே வார்டுக்கு, இன்றைய நினைவையும் தூக்கிக்கொண்டுதான் வரும். தொடர் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு இன்றைய ஊசியைப் போடும் விதத்தில்தான் அடுத்த ஊசியின் பாதி தீர்மானமாகிறது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான். ஹீமோஃபீலியாவுக்கு ரத்தம் உறையவைக்கும் ஃபாக்டர் போடும் பிள்ளைகளுக்கும், குடல் அழற்சிக்கோ மூட்டுவாதத்துக்கோ ட்ரிப்ஸில் மருந்து ஏற்றும் பிள்ளைகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

பயத்துக்கு உடம்பிலும் ஒரு வேலை உண்டு. பயந்த குழந்தையின் கை சில்லிட்டுப் போகும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். சுருங்கிய குழாயில் ஊசி இறங்குவது கடினம், எனவே இரண்டாவது குத்து, மூன்றாவது குத்து. அதனால் பயம் இன்னும் கூடும். ‘இவனுக்கு நரம்பே கிடைக்காது’ என்று வார்டில் பெயர் வாங்கிய பல பிள்ளைகள் இந்தச் சுழலில் சிக்கியவர்கள். ஆகவே பயத்தைக் குறைப்பது செல்லம் கொடுப்பதாகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

முதலில் வீட்டில் நிறுத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. “சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்! தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் மாதாமாதம் ஊசி போட்டாக வேண்டிய பிள்ளையின் காதில் அது வேறுவிதமாக விழுகிறது: நான் தப்பு செய்ததால்தான் எனக்கு இது. மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் நோயையே தண்டனையாக நினைத்துக்கொள்வது வழக்கம். நாமும் அதை உறுதிப்படுத்தக் கூடாது. ‘உன் ரத்தத்துல சக்தி குறையுது, அதை நிரப்பத்தான் போறோம். நீ எதுவும் தப்பு பண்ணல’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

அடுத்தது பொய். ‘மாமா வீட்டுக்குப் போறோம்’ என்று கிளப்பிக்கொண்டுபோய் வார்டில் நிறுத்தினால், அன்றைய பயணம் மட்டும்தான் சுலபம். அதன்பின் மாமா வீட்டுக்கு நிஜமாகவே போகும்போதும் பிள்ளை நம்பாது. ‘வலிக்கவே வலிக்காது’ என்பதும் அப்படித்தான். வலித்த அந்தக் கணத்தில் ஊசி போட்டவரோடு சேர்த்து அம்மாவின் சொல்லும் நம்பிக்கை இழக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அன்று காலையோ முந்தின நாள் மாலையோ சொன்னால் போதும், வெகு முன்பே சொன்னால் பயந்துகொண்டே காத்திருக்கும் நேரம்தான் கூடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெரிய வேண்டும். அவர்களுக்குக் கேள்வி கேட்க அவகாசம் தேவை. நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள்: கையில் ரப்பர் பட்டை கட்டுவாங்க, இறுக்கமா இருக்கும், பஞ்சால துடைப்பாங்க, ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் ஒரு குத்து, கொஞ்ச நேரம் வலிக்கலாம், அப்புறம் பிளாஸ்டர் ஒட்டுவாங்க.

இங்கே பெரியவர்களே பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ரத்தம் ஏறும் மூன்று நான்கு மணி நேரமும் கைக்குள் ஊசி இருப்பதில்லை. நர்ஸ்கள் வென்ஃப்ளான் என்று சொல்லும் அந்தச் சாதனத்தில் எஃகு ஊசியின் மேல் மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் போர்த்தியிருக்கும். நரம்புக்குள் போனதும் ஊசியை வெளியே இழுத்துவிடுவார்கள். உள்ளே தங்குவது குழாய் மட்டுமே. இது தெரியாத குழந்தை, கையை அசைத்தால் ஊசி உள்ளே கிழித்துவிடும் என்று பயந்து, மணிக்கணக்கில் தோளை விறைத்துக்கொண்டு படுத்திருக்கும். சிஸ்டரிடம் கேட்டு, பயன்படுத்தாத ஒன்றைப் பிரித்து, ஊசியை அவரே எடுத்துவிட்டு அந்தக் குழாயை மட்டும் பிள்ளையை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பொம்மைக்கு டேப் ஒட்டி, நூலால் ட்ரிப்ஸ் கட்டி விளையாடட்டும். அந்த விளையாட்டில் பிள்ளைதான் டாக்டர். பொம்மையிடம் அது என்ன பேசுகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டால், உள்ளே இருக்கும் பயம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

இனி வலி. பயத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வலியைக் குறைக்காமல் பயம் குறையாது. தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்தது. உலகெங்கும் எம்லா என்ற பெயரில் அறியப்பட்டது, இங்கே வேறு பெயர்களிலும் விற்கிறார்கள். கூட்டம் நிறைந்த நம் வார்டுகளில் இதைத் தாமாகப் போடுவது அபூர்வம், காரணம் இது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் வார்டுக்குக் கிடைக்காது, நமக்குக் கிடைக்கும். எங்கே பூச வேண்டும், எவ்வளவு பூச வேண்டும் என்பதை முதல்முறை டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்டுப் பேனாவால் குறித்துக்கொண்டால், அடுத்த முறையிலிருந்து வீட்டிலேயே பூசிக்கொண்டு கிளம்பலாம்.

தேய்க்கக் கூடாது, கெட்டியாக வைத்து, மேலே ஒளிபுகும் பிளாஸ்டரோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூட வேண்டும். ஒரு கையில் நரம்பு கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு இடங்களில் பூசுவது நல்லது. பிள்ளை அதை நக்கவோ கண்ணில் வைக்கவோ கூடாது. புண் உள்ள தோலில் பூசக் கூடாது. எடுத்ததும் தோல் வெளுத்திருக்கும், ரத்தக்குழாய் சற்றுச் சுருங்கியிருக்கும். துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டால் தெளியும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தை, சல்ஃபா வகை மருந்து சாப்பிடும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் பூசவே கூடாது. காரணம், பிரிலோகெய்ன் ரத்தத்தின் ஆக்ஸிஜன் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடும். க்ரீம் போட்ட பிறகும் அழுத்துவது தெரியும். அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும் தண்ணீர், மோர், இளநீர் என்று டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குக் குடித்திருந்தால் நரம்பு எடுப்பாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையில் சுற்றி வைத்தாலும் அப்படியே. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். ரத்தம் பொருத்தம் பார்க்க மாதிரி எடுப்பதற்கு ஒரு குத்து, ஏற்றுவதற்கு இன்னொரு குத்து என்று இரண்டு ஊசிகள் ஆகின்றன. வென்ஃப்ளான் போடும்போதே அதிலிருந்து மாதிரி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், சில இடங்களில் சரி என்பார்கள். ஒரு குத்து மிச்சம் என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமில்லை.

பிடிக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மல்லாக்கப் படுக்கவைத்து, முகங்கள் மேலிருந்து குனிய, கைகால்களை ஆளுக்கொன்றாக அழுத்துவது எந்த வயதிலும் பீதியைக் கிளப்பும். குழந்தையை மடியில் உட்காரவைத்து, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக்கொண்டால், ஊசி போடும் கை மட்டும் உங்கள் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ நீண்டிருக்கும். சிஸ்டர் அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். உடம்பு கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை உணர்வது அணைப்பை. ‘உட்கார வைத்தே போடலாமா சிஸ்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடுவது வலியைக் குறைக்கும் என்று நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது.

ஊசி இறங்கும் நேரத்தில் நம் வாயில் தானாக வருவது “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா”. கனடாவின் உளவியலாளர் மேகன் மெக்மர்ட்ரி இப்படி ஆறுதல் சொல்வதைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஆறுதல் சொல்லும் பெற்றோர் பயந்திருப்பதாகவே குழந்தைகளுக்குப் பட்டது. யோசித்தால் புரியும்: அம்மாவின் குரல் நடுங்கினால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நேரத்தில் வலியைப் பற்றிய பேச்சே வேண்டாம். கதை சொல்லுங்கள், சோப்பு நுரை ஊதச் சொல்லுங்கள், போனில் அதற்குப் பிடித்த காட்சியை ஓடவிடுங்கள். ஊதுவது கூடுதல் நல்லது, மூச்சு நீளும்போது உடம்பு தளரும். ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்க விரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முகத்தை வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். குத்தும் இடத்துக்குச் சற்று மேலே தேய்ப்பதும் அதிர்வு கொடுப்பதும் உதவும். தொடுகையும் அதிர்வும் தண்டுவடத்திலேயே வலிச்செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் விளக்கினார்கள். அடிபட்ட முட்டியை நாம் தன்னிச்சையாகத் தேய்ப்பதும் அதனால்தான்.

பிள்ளையிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். “ஊசி போட்டுக்கலாமா?” என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னாலும் போடத்தான் போகிறோம், பிறகு அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? இடது கையா வலது கையா, மடியிலா நாற்காலியிலா, எண்ணிக்கொண்டு போடுவதா எண்ணாமலா என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதன்படியே நடக்க வேண்டும். மூன்று எண்ணுவேன் என்று சொல்லிவிட்டு இரண்டில் குத்தினால் அத்தனையும் வீண். குத்துகளுக்கும் ஓர் எல்லை பேசிவைத்துக்கொள்ளலாம்: ஒருவர் இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் சற்று இடைவெளி விட்டு, அனுபவம் உள்ள வேறொருவரை அழைப்பது. பல மருத்துவமனைகளில் இது நடைமுறை. கேட்பது மரியாதைக் குறைவாகாது.

சில பிள்ளைகள், குறிப்பாகப் பதின்வயதை நெருங்குபவர்கள், ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரிவார்கள். நடிப்பு என்று அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ரத்தம், ஊசி பற்றிய பயத்துக்கு மட்டும் உரிய ஓர் இயல்பு இது: இதயத் துடிப்பு முதலில் ஏறி, பிறகு திடீரென ரத்த அழுத்தம் விழும். இவர்களைத் தளர்ந்திருக்கச் சொன்னால் மயக்கம் கூடும். ஸ்வீடனின் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980-களில் வகுத்த பயிற்சி இதற்கு நேர்மாறானது. கால், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடாவதை உணர்ந்ததும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்குவது. வீட்டிலேயே பழகலாம்.

ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் கால் மணி நேரம் கவனமாக இருங்கள். குளிர், நடுக்கம், அரிப்பு, மூச்சுத் திணறல், முதுகுவலி என்று எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று பிள்ளை சொன்னால் பயத்தில் சொல்வதாக ஒதுக்கிவிடாதீர்கள். கடைசியில் பிளாஸ்டரை உரிப்பது ஊசியைவிட மோசம் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. ஈரப் பஞ்சாலோ துளி எண்ணெயாலோ ஓரங்களை நனைத்து, தானே உரிக்க விடலாம். வென்ஃப்ளானை வெளியே எடுப்பது மட்டும் சிஸ்டரின் வேலை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வலித்த அளவைவிட, வலித்ததாக நினைவில் தங்கும் அளவுதான் அடுத்த முறையின் பயத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தின் மெலனி நோயல் குழந்தைகளின் வலி நினைவுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். நடந்ததைப் பற்றிப் பெற்றோர் பேசும் விதம் அந்த நினைவை மாற்ற முடியும் என்கிறது அவரது ஆய்வு. அழவே இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ‘அழுதே, ஆனா கையை அசைக்கல. நுரை எவ்வளவு பெருசா ஊதின! போன தடவை ரெண்டு குத்து, இன்னிக்கு ஒண்ணுதான்’ என்று உண்மையாக நடந்த நல்லவற்றை எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ‘இன்னிக்கும் ஒரே ரகளை’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்வது இதை அப்படியே அழித்துவிடும். ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்பதும் வேண்டாம். அழுதுகொண்டே கையை நீட்டும் பிள்ளை ஒத்துழைக்கும் பிள்ளைதான்.

இத்தனையும் செய்தும் பிள்ளை பல நாள் முன்பிருந்தே தூங்காமல், சாப்பிடாமல் தவித்தால், அல்லது பயத்தால் ரத்தம் ஏற்றும் தேதி தள்ளித் தள்ளிப் போனால், அது உளவியலாளரின் உதவி தேவைப்படும் நிலை. ஊசியின் படம், பொம்மை ஊசி, மூடிய சிரிஞ்ச், வார்டுக்கு வெறுமனே ஒரு நடை என்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இந்தப் பயத்துக்கு நல்ல பலன் தருகிறது. அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்தில் உளவியலாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நரம்புகள் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால், மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட் என்ற சாதனம் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் பேசலாம். கிருமித்தொற்று, அடைப்பு போன்ற சிக்கல்கள் அதற்கு உண்டு, அதற்கும் ஒவ்வொரு முறையும் தோலில் ஊசி குத்த வேண்டும் என்பதால் அதை எளிதாகப் பரிந்துரைக்க மாட்டார்கள். மரத்துப்போகும் க்ரீம் அங்கேயும் உதவும்.